அழகா, வசதியா? முதல்முறையாக வயர்லெஸ் ஹெட்செட் வாங்குவோருக்கு

ஹெட்செட்டைக் காதில் மாட்டிய பிறகு அதன் அழகை மாட்டியவர் பார்ப்பதில்லை. அதன் மைக் வழியாகத் தன் குரல் எப்படிப் போகிறது என்பதும் அவருக்குக் கேட்காது. அது எதிர்முனையில் இருப்பவரின் காதில்தான் விழுகிறது. மாட்டியவருக்கு நேரடியாகத் தெரிபவை காதில் ஏற்படும் அழுத்தம், விரலுக்குச் சிக்கும் அல்லது சிக்காத பட்டன், தீர்ந்துபோகும் சார்ஜ் ஆகிய மூன்றும்தான். வாங்கும் நேரத்தில் மட்டும் இதெல்லாம் தலைகீழாகிவிடுகிறது. பெட்டியின் மேல் பெரிதாகத் தெரிவது தோற்றம். மைக்கைப் பற்றிய வரி பெட்டியின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும்.

தோற்றம் தேவையில்லை என்பது இதன் பொருளல்ல. போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் ஹெட்செட் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இவ்வளவு சிறிய பொருளில் அழகுக்காக ஓரிடத்தில் குறைத்தால் அந்தக் குறை வேறு எங்காவது தலைகாட்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள நெருக்கம் போகும்; அல்லது பேட்டரிக்கும் ஆன்டெனாவுக்குமான இடம் போகும்; அல்லது விரல் வைக்கும் இடம் போகும். எது போயிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், அது உங்களுக்குத் தேவையா இல்லையா என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

முதல் படி: உங்கள் அழைப்புகளை எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன், இணையத்தில் தேடும் முன், ஒரு தாளில் கடந்த வாரம் நீங்கள் பேசிய அழைப்புகளை எழுதுங்கள். எங்கே பேசினீர்கள் (அமைதியான அறை, மின்விசிறிக்குக் கீழே, சாலையோரம், ஓடும் வாகனத்துக்குள்)? தொடர்ச்சியாக அதிகபட்சம் எவ்வளவு நேரம்? அப்போது கைகள் சும்மா இருந்தனவா, வேலையாக இருந்தனவா? தலையில் கண்ணாடி, ஹெல்மெட், துணி, கனமான காதணி என்று ஏதாவது இருந்ததா?

ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. ஆனாலும் பெரும்பாலான தவறான தேர்வுகளை இதுவே தடுத்துவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் வாடிக்கையாளர்களிடம் பேசுபவருக்கும், நடந்துபோகும்போது இரண்டு நிமிட அழைப்புகளை எடுப்பவருக்கும் ஒரே ஹெட்செட் ஒத்துவராது. முதலாமவர் தோற்றத்தை நிறைய விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாமவர் தயங்காமல் அழகானதை வாங்கலாம்.

இரண்டாம் படி: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

போனில் பேசுவதற்கான வயர்லெஸ் ஹெட்செட்டுகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

ஒரு காதில் மட்டும் மாட்டி, வாய்ப் பக்கமாகத் தண்டு நீளும் வகைக்கு ‘பூம் மைக்’ என்று பெயர். பார்க்க அலுவலகத்தனமாக இருக்கும். பேச்சுக்கு இதை மிஞ்சியது இல்லை. எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிராம். மற்றொரு காது திறந்தே இருப்பதால் சுற்றியிருப்பவர் கூப்பிட்டாலும் கேட்கும்.

இதே ஒற்றைக் காது வகையில் தண்டைச் சுருக்கி, காதோடு ஒட்டியிருப்பதுபோல் செய்தவை இரண்டாவது வகை. படத்தில் நேர்த்தியாகத் தெரியும். மைக் கன்னத்தின் நடுவோடு நின்றுவிடும்.

மூன்றாவது, வயரே இல்லாத ஜோடி இயர்பட்கள். ஒவ்வொன்றும் சுமார் 4 முதல் 6 கிராம். இவற்றிலும் காம்பு வைத்தவை, காம்பு இல்லாதவை என்று இரண்டு உண்டு. ஆப்பிள் 2016-ல் முதல் ஏர்பாட்ஸை வெளியிட்டபோது காதிலிருந்து தொங்கிய அந்த வெள்ளைக் காம்பைக் கேலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் மைக்கைக் காதிலிருந்து கீழே, வாயை நோக்கிக் கொண்டுவந்தது அந்தக் காம்புதான். பேட்டரிக்கும் ஆன்டெனாவுக்கும் இடம் கொடுத்ததும் அதுதான். காம்பில்லாத உருண்டை வடிவம் காதுக்குள் மறைந்து அழகாக இருக்கும். அதன் மைக் காதின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

நான்காவது நெக்பேண்ட். கழுத்தில் கிடக்கும் பட்டையில் பெரிய பேட்டரியும் நிஜமான பட்டன்களும் வைக்க இடம் இருக்கிறது. காதிலிருந்து கழன்றாலும் தரையில் விழாது. ஃபேஷன் மாறிவிட்டதென்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். நாள் முழுக்க அலைந்துகொண்டே பேசுபவருக்கு இன்றும் இது மிக நல்ல தேர்வு. மைக் கழுத்துப் பட்டையில் இருந்தால் சட்டைக் காலர் உரசும் சத்தம் எதிர்முனைக்குப் போகும் என்பது ஒன்றுதான் குறை. மைக் காதுக்குக் கீழே வயரில் தொங்கும் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

ஐந்தாவது, தலைக்கு மேல் வளையும் ஹெட்பேண்ட். 100 முதல் 250 கிராம் வரை எடை உண்டு. ஒரே இடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுபவருக்கு இது. வெயில் காலத்தில் காது வியர்க்கும்.

மூன்றாம் படி: மைக்கைக் கவனியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். திறந்த வெளியில் ஒலி பரவும்போது தூரம் இரட்டிப்பானால் அதன் அளவு ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். வாயோரத்திலிருந்து 3 சென்டிமீட்டரில் இருக்கும் பூம் மைக்கையும், 12 சென்டிமீட்டரில் இருக்கும் இயர்பட் மைக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். 3 ஆறாகி, ஆறு 12 ஆகிறது. இரண்டு முறை இரட்டிப்பு. ஆக உங்கள் குரல் சுமார் 12 டெசிபல் குறைவாகவே அந்த மைக்குக்குப் போய்ச் சேர்கிறது. பேருந்தின் இரைச்சல் மட்டும் இரண்டு மைக்குக்கும் ஒரே அளவில்தான் வருகிறது. குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையில் இப்படிச் சுருங்கிப்போன இடைவெளியை மென்பொருளால் ஓரளவுதான் மீட்க முடியும்.

மென்பொருள் என்ன செய்கிறது? இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மைக்குகளுக்கு ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து, வாய் இருக்கும் திசையிலிருந்து வருவதை வைத்துக்கொண்டு மற்றதை அடக்குகிறது. இது வேலை செய்ய, மைக்குகள் வாயை நோக்கிய ஒரு கோட்டில் இருக்க வேண்டும். காதில் ஹெட்செட் சற்றுத் திரும்பி உட்கார்ந்தால் அந்தக் கோடு காதுமடலையோ தோளையோ நோக்கும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். “நீங்க பேசுறது விட்டு விட்டுக் கேக்குது” என்று எதிர்முனை சொல்லும்போது, சிக்னலைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்செட்டின் முனையை வாயோரம் நோக்கித் திருப்பிப் பாருங்கள்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பெட்டியில் ‘ஏஎன்சி’ என்று போட்டிருப்பது உங்கள் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தைக் குறைப்பது. அதனால் எதிர்முனைக்கு எந்தப் பயனும் இல்லை. எதிர்முனைக்குப் போகும் இரைச்சலைக் குறைப்பதை ‘ஈஎன்சி’ என்று பலர் எழுதுகிறார்கள். ஏஎன்சி மட்டும் இருக்கும் ஹெட்செட்டில் ஒரு சங்கடம் வரும். உங்களுக்கு உலகமே அமைதியாக இருக்கும்; எதிரில் இருப்பவருக்கோ சந்தை இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். பேச்சுக்காக வாங்குபவர் முதலில் தேட வேண்டியது ஈஎன்சியைத்தான்.

காற்று வேறு விதமான எதிரி. மைக் துளையின் மேல் காற்று மோதி அங்கேயே சத்தத்தை உண்டாக்குகிறது; அது வெளியிலிருந்து வரும் ஒலியே இல்லை என்பதால் திசையை வைத்துப் பிரிப்பது எடுபடாது. மெல்லிய வலையோ பஞ்சோ துளையின் முன்னால் இருந்தால் காற்றின் வேகம் மைக்கைத் தொடும் முன்பே அடங்கும். மொழுமொழுவென்ற உடலில் ஊசி முனை அளவில் வெறுமனே விட்டிருக்கும் துளை பார்க்கச் சுத்தமாக இருக்கும். வெளியே நடந்தால் சீறும்.

நான்காம் படி: உடல் எதனால் ஆனது என்று பாருங்கள்

ப்ளூடூத் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அதன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். நல்ல எளிய ஆன்டெனாவுக்கு அதில் கால் பங்கு, அதாவது சுமார் 3 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். ஹெட்செட் சிறிதாகச் சிறிதாக ஆன்டெனாவை மடித்துச் சுருட்ட வேண்டியிருக்கிறது. சுருட்டினால் திறன் குறைகிறது. அதன் மேல் பளபளக்கும் உலோக உறையையும் போர்த்தினால் அலை வெளியேறத் தடுமாறும். நல்ல தயாரிப்பில் உலோகத்துக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு விட்டிருப்பார்கள். அலை போய்வர விட்ட வழி அது.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். போன் இடது பாக்கெட்டிலும் ஹெட்செட் வலது காதிலும் இருந்தால் நடுவில் நீங்களே சுவராக நிற்கிறீர்கள். ‘10 மீட்டர்’ என்று பெட்டி சொல்வது தடையில்லாத இடத்துக்கான கணக்கு. வீட்டுக்குள் சுற்றிலும் சுவரும் கூரையும் இருப்பதால் அலை எதிரொலித்து எப்படியோ வந்துசேரும். திறந்த மைதானத்தில் அந்த உதவியும் கிடையாது. போனையும் ஹெட்செட்டையும் ஒரே பக்கம் வைத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து. எந்தக் காதில் மாட்டுவீர்கள் என்பதை முடிவு செய்யும்போது போன் வைக்கும் பாக்கெட்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேற்பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு கைரேகையையும் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். வியர்த்த விரலிலிருந்து நழுவும். பளபளப்பில்லாத மேட் பூச்சு அவ்வளவு எடுப்பாகத் தெரியாவிட்டாலும் ஓராண்டு கழித்தும் அப்படியே இருக்கும்.

ஐந்தாம் படி: பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு தேடுங்கள்

ஹெட்செட்டின் பட்டனை யாரும் பார்த்து அழுத்துவதில்லை. எனவே சோதனையையும் பார்க்காமலே செய்யுங்கள். மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பத்து முறை மியூட் செய்து எடுங்கள். இரண்டு முறைக்கு மேல் தவறினால் அந்த வடிவம் உங்கள் விரலுக்கு ஒத்துவரவில்லை.

பட்டனே இல்லாத வழவழப்பான மேற்பரப்பில் தொடு உணர்வை மறைத்து வைப்பது இன்றைய பாணி. உள்ளே இருப்பது விரலின் மின்தேக்கத் தன்மையை உணரும் தகடு. ஈர விரல், கையுறை, மேலே உரசும் முடி, தலையில் கட்டிய துணி எல்லாமே அதைக் குழப்பும். தலையணையில் சாய்ந்தால் அழைப்பு துண்டிக்கப்படும்; காதில் சரிசெய்யத் தொட்டால் பாட்டு ஓட ஆரம்பிக்கும். அழுத்தினால் ‘டிக்’ என்று உள்ளே போகும் பட்டனில் இந்தப் பிழைகள் வராது. அதற்கும் ஒரு குறை உண்டு. பட்டன் காதுத் துளைக்கு நேரே வெளியில் இருந்தால், அழுத்தும்போதெல்லாம் ஹெட்செட் காதுக்குள் குத்தும். பட்டன் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ இருந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு கிள்ளுவதுபோல் அழுத்தலாம். காதில் அழுத்தம் விழாது.

தனியாக மியூட் பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே பட்டனை ஒரு முறை அழுத்தினால் எடுப்பு, இரண்டு முறை அழுத்தினால் மறு டயல், மூன்று விநாடி அழுத்தினால் மியூட் என்று வைத்திருப்பது தோற்றத்துக்காக. இருமல் வரும் நேரத்தில் மூன்று விநாடி நீண்டது. கூட்டங்களில் பேசுபவருக்குத் தனி மியூட் பட்டன் கட்டாயம் என்றே சொல்வோம்.

ஆறாம் படி: காதில் உட்காருகிறதா?

காதுக்குள் நுழையும் வகையென்றால் பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் சிலிக்கோன் இயர்டிப் இருக்கும். நடுத்தரம் ஏற்கெனவே மாட்டியிருக்கும். பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுகிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை என்பதால் வலதுக்கு ஒன்றும் இடதுக்கு ஒன்றும் தேவைப்படலாம். போடும் முறையும் உண்டு. எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மெல்ல மேலே இழுத்து, இயர்டிப்பை உள்ளே வைத்துச் சிறிது திருப்புங்கள். சரியாக அடைத்துக்கொண்டால் குரலின் அடிநாதம் சட்டென்று கூடும். அடைப்பு இல்லையென்றால் குரல் தகரம்போல் மெலிந்து கேட்கும். நீங்கள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். காதுக்குக் கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு.

காதை முழுக்க அடைத்தால் உங்கள் குரலே உள்ளுக்குள் முழங்குவதுபோல் தோன்றும். பேசும்போது எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியேற வழியில்லாமல் காதுக்குள் தங்குவதே காரணம். அரை மணி நேர அழைப்பில் இது களைப்பைத் தரும். நம்மை அறியாமல் குரலைத் தாழ்த்தவோ உயர்த்தவோ வைக்கும். சொந்தக் குரலைக் கொஞ்சம் காதில் திருப்பி ஒலிக்கும் ‘சைடுடோன்’ வசதியோ, வெளி ஒலியை உள்ளே விடும் வசதியோ இருந்தால் இந்தத் தொல்லை குறையும். இல்லையென்றால் காதுத் துளையை அடைக்காமல் வாசலில் அமரும் வகையை எடுங்கள். அவற்றில் இரைச்சல் உள்ளே வரும். பேச்சு இயல்பாக இருக்கும்.

கண்ணாடி போடுபவர்கள் காதுக் கொக்கி வைத்த ஹெட்செட்டைக் கட்டாயம் கண்ணாடியோடு சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். காதின் பின்புறம் ஒரே பள்ளத்தில் கண்ணாடிக் கம்பியும் கொக்கியும் இடம் கேட்கும். கொக்கியை முதலில் மாட்டிவிட்டுக் கண்ணாடியை அதன்மேல் போட்டால் பலருக்குச் சரியாகிறது. 20 நிமிடத்தில் காதின் பின்னால் எரிச்சல் வந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். பழகப் பழகச் சரியாகும் என்ற நம்பிக்கை இதில் பலிப்பதில்லை.

ஏழாம் படி: பெட்டியைப் படியுங்கள்

பேட்டரியில் இரண்டு எண்கள் கலந்து வரும். ‘30 மணி நேரம்’ என்று பெரிதாக இருந்தால், அது கேஸில் (இயர்பட்களை வைத்துச் சார்ஜ் ஏற்றும் சிறு பெட்டி) பல முறை சார்ஜ் ஏற்றிக்கொள்வதையும் சேர்த்த மொத்தம். ஒரு தடவை எடுத்து மாட்டினால் எவ்வளவு நேரம், அதுவும் பாட்டுக்கா, பேச்சுக்கா என்று தேடுங்கள். பேசும்போது மைக்கும் இரைச்சல் குறைப்பும் சேர்ந்து ஓடுவதால் பேச்சு நேரம் பாட்டு நேரத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பேட்டரி வயதாக வயதாக அந்த எண்ணும் சுருங்கும். முதல் படியில் எழுதிய உங்கள் நீண்ட அழைப்பைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு பேச்சு நேரம் இருக்கும்படி வாங்குங்கள். ஜோடி இயர்பட் என்றால் ஒன்றைக் கேஸில் வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே மற்றொன்றில் பேச முடியுமா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

சார்ஜ் துளை யுஎஸ்பி டைப்-சியாக இருக்கட்டும். அழகுக்காகக் காந்தத்தில் ஒட்டும் தனி வயரைக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த வயர் தொலைந்த அன்று ஹெட்செட்டும் முடிந்தது.

ஈரத்தைத் தாங்கும் திறனை ‘ஐபிஎக்ஸ்’ எண்ணில் குறிப்பார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். இரண்டுமே நன்னீரை வைத்துச் செய்யும் சோதனை. உப்புநீருக்கும் சோப்புநீருக்கும் பொருந்தாது. இயர்பட்டுக்குக் கொடுத்த எண் அதன் கேஸுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தோடு இயர்பட்டைக் கேஸுக்குள் போட்டுப் பழுதாக்கியவர்கள் அதிகம்.

ப்ளூடூத் பதிப்பு எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண் பெரிதென்பதால் மட்டும் மைக் நன்றாக இருக்காது. அதைவிடப் பயனுள்ள கேள்வி, அழைப்பில் அகலப்பட்டைக் குரல் (‘எச்டி வாய்ஸ்’ என்றும் போட்டிருப்பார்கள்) உண்டா என்பது. பழைய முறையில் குரல் விநாடிக்கு 8,000 மாதிரிகளாகப் போகிறது; அகலப்பட்டையில் 16,000. ‘ச’வுக்கும் ‘ஃப’வுக்கும் வித்தியாசம் தெரிவது இந்த உயர் பகுதியில்தான். போன், நெட்வொர்க், ஹெட்செட் மூன்றும் ஆதரித்தால்தான் இது நடக்கும். போனும் மடிக்கணினியும் இரண்டும் வைத்திருப்பவர்கள் ‘மல்ட்டிபாயின்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வசதி அது. இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஒன்றில் துண்டித்து மற்றொன்றில் இணைக்க வேண்டும்.

எட்டாம் படி: இணைத்து, அன்றே சோதியுங்கள்

முதலில் முழுக்கச் சார்ஜ் ஏற்றுங்கள். பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விளக்கு இரண்டு நிறத்தில் மாறி மாறி மின்னத் தொடங்கும் வரை விடாதீர்கள். பெரும்பாலான மாடல்களில் இதற்கு 3 முதல் 7 விநாடி ஆகும். சீக்கிரம் விட்டுவிட்டால் ஹெட்செட் வெறுமனே ஆன் ஆகும். போனின் பட்டியலில் வராது. முதல்முறை இணைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பிறகு போனின் ப்ளூடூத் பட்டியலில் பெயரைத் தொடுங்கள். மிகப் பழைய ஹெட்செட் கடவு எண் கேட்டால் 0000 போட்டுப் பாருங்கள்.

இணைந்த உடனே இந்த வரிசையில் சோதியுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் முன் செய்ய வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

1. நன்றாகப் பழகிய ஒருவரை அழையுங்கள். அமைதியான அறையில் ஒரு நிமிடம், ஓடும் மின்விசிறிக்குக் கீழே ஒரு நிமிடம், சன்னலோரம் ஒரு நிமிடம், வெளியே நடந்துகொண்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். முடிந்தால் அவரைப் பதிவுசெய்யச் சொல்லி, அந்தப் பதிவை நீங்களே கேளுங்கள். உங்கள் மைக்கை நீங்களே கேட்க நல்ல வாய்ப்பு இது.

2. ‘சட்டை, பட்டை, மட்டை’, ‘பதினைந்து, பதினெட்டு’ போன்ற ஒலியொத்த சொற்களைச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “நல்லா கேக்குது” என்ற பொதுவான பதிலைவிட இது நம்பகமானது.

3. போனை வலது முன் பாக்கெட், இடது முன் பாக்கெட், பின் பாக்கெட், பை என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றிலும் பத்து அடி நடங்கள். எங்கே அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. குனிந்து செருப்பைப் போடுங்கள், மாடிப்படி ஏறுங்கள், தலையை வேகமாகத் திருப்புங்கள், கொட்டாவி விடுங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவம் மாறுவதால், உட்கார்ந்திருக்கும்போது இறுக்கமாக இருப்பது பேசும்போது நழுவலாம்.

5. தொடர்ந்து 45 நிமிடம் மாட்டியிருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லா ஹெட்செட்டும் வசதியாகத்தான் இருக்கும்.

தோற்றத்துக்கு எங்கே இடம் கொடுக்கலாம்?

நிறம், மேட் அல்லது பளபளப்பு, கேஸின் வடிவம், சின்னம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பவற்றையெல்லாம் மனம்போலத் தேர்ந்தெடுங்கள். பேச்சுக்கு இவற்றால் கேடில்லை. அடர் நிறம் முடியோடு கலந்து மறையும். தோல் நிறத்துக்கு அருகில் இருப்பது வெளியே தெரியாது. காதில் நீல விளக்கு மின்னிக்கொண்டே இருப்பது பலருக்கு உறுத்தும். செயலி வழியாக அதை அணைக்க முடியுமா என்று பாருங்கள்.

இரண்டு மாடல்கள் மைக்கிலும் பட்டனிலும் காதில் உட்காருவதிலும் தேறிவிட்டால், அதன் பிறகு கண்ணுக்குப் பிடித்ததை எடுங்கள். முதலில் அழகை வைத்துப் பத்தைப் பொறுக்கி, அதிலிருந்து நல்ல மைக்கைத் தேடுவது கடினம். நல்ல மைக் உள்ள நான்கைப் பொறுக்கி, அதில் அழகானதை எடுப்பது சுலபம். காம்பின் நீளம், தண்டின் நீளம், பட்டன் வெளியே தெரிவது ஆகியவற்றில் மட்டும் அழகுக்காக விட்டுக்கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

எது கெடும், ஏன்?

ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லையா? கேஸுக்குள் இருக்கும் சின்ன உலோக முனைகளில் வியர்வை காய்ந்து படலம் கட்டியிருக்கும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் முனைகளையும் இயர்பட்டின் தொடுபுள்ளிகளையும் துடையுங்கள். ஊசியாலோ கத்தியாலோ சுரண்டாதீர்கள். மேல்பூச்சு போனால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

பாட்டு கேட்கிறது, அழைப்பு மட்டும் போனிலேயே ஒலிக்கிறதா? பாட்டும் பேச்சும் ப்ளூடூத்தில் தனித்தனித் தடங்களில் போகின்றன. போனின் ப்ளூடூத் அமைப்பில் அந்த ஹெட்செட்டின் பெயருக்குள் போனால் ‘அழைப்புகள்’ என்ற சுவிட்ச் பல போன்களில் தனியாக இருக்கும், அதை இயக்குங்கள். கணினியில் கூட்டத்தில் சேர்ந்ததும் பாட்டின் தரம் திடீரென்று மோசமானால் அதற்கும் காரணம் இதே. மைக் திறந்த நொடியில் இணைப்பு பேச்சுத் தடத்துக்கு மாறிவிடுகிறது. ஹெட்செட் பழுதாகவில்லை. கணினியின் சொந்த மைக்கையோ தனி மைக்கையோ தேர்ந்தெடுத்தால் ஒலித் தரம் திரும்பிவிடும்.

மேசையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பேச்சு அறுந்தால், சுற்றி 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வேறு யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். வைஃபை ரவுட்டர், மைக்ரோவேவ் அடுப்பு இரண்டும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. கருவிகளை ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றினால் நெரிசல் குறையும். கணினியில் ப்ளூடூத் டாங்கிளை (ப்ளூடூத் வசதி தரும் சிறு செருகி) யுஎஸ்பி 3 துளையில் செருகி, பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்கும் ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் துளையிலிருந்து கசியும் இரைச்சலே இணைப்பைக் கெடுக்கும். ஒரு சிறிய நீட்டிப்பு வயரில் டாங்கிளைத் தள்ளி வையுங்கள்.

உங்களுக்குக் கேட்கும் ஒலி மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் காது மெழுகுதான் காரணம். இயர்டிப்பைக் கழற்றித் தனியாகக் கழுவி, முழுக்கக் காய்ந்த பின் மாட்டுங்கள். ஒலி வரும் வாயில் உள்ள வலையை முகம் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டுங்கள். அப்போதுதான் தூசி வெளியே விழும். மேல்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் உள்ளே தள்ளுகிறீர்கள். வலையின் மேல் எந்தத் திரவத்தையும் ஊற்றக் கூடாது. குரல் மங்கிப் போகிறது என்று எதிர்முனை சொன்னால் மைக் துளைக்கும் இதே வைத்தியம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஹெட்செட்டை விடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம்தான் பெரிய எதிரி. பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் எடுத்து வையுங்கள். முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் மின்னழுத்தம் மிகவும் கீழே இறங்கி, பிறகு சார்ஜரை ஏற்காமலே போகலாம். வேறொருவருக்குக் கொடுப்பதானால் உங்கள் போனின் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கிவிட்டு, கையேட்டில் சொன்னபடி ஹெட்செட்டையும் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் அது உங்கள் போனையே தேடிவந்து ஒட்டிக்கொள்ளும்.